வார்ஃபேஸை எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

வங்கதேசத்து ஹெவி மெட்டல் கேட்க ஆசையாக இருக்கிறது, எங்கே தொடங்கலாம் என்று நண்பர்கள் கேட்டால், வார்ஃபேஸ் என்று உடனே சொல்லிவிடுவேன். எந்த ஆல்பம் என்ற அடுத்த கேள்விக்குத்தான் தயங்குவேன். ஒரு குழுவை அதன் முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்பதே முறை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் தொடங்கிய சிலர் இரண்டாவது ஆல்பத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒலிப்பதிவு பழையது, மொழி புரியவில்லை, நமக்கு ஒத்துவராது என்று கைவிட்டுவிட்டார்கள். எவ்வளவு நல்ல பாடல்களை அவர்கள் இழந்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. அதனால் ஆல்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, யார் எதில் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழுவைப் பற்றிக் கொஞ்சம். 1984இல் டாக்காவில் சில இளைஞர்கள் சேர்ந்து தொடங்கியது வார்ஃபேஸ். முதல் ஆல்பம் 1991இல் வந்தது. அங்கிருந்து 2012இன் 'ஷொத்தோ' வரை மொத்தம் எட்டு ஆல்பங்கள். இப்ராகிம் அகமது கமலின் கிட்டாரும், ஷேக் மனிருல் ஆலம் டிப்புவின் டிரம்ஸும்தான் இந்த நீண்ட பயணத்தின் இரண்டு தூண்கள். மற்ற இடங்களில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பாடகரின் இடமும் அப்படித்தான். 90களில் சஞ்சய், அவருடன் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே சில பாடல்களைப் பாடிய பாப்னா கரீம், 2000இல் மிஜான், 2003இல் பாலாம், பிறகு மறுபடியும் மிஜான், 2016 முதல் பலாஷ் நூர். ஒரே பெயரில் நான்கைந்து குரல்கள் இருக்கின்றன. ஆகவே வார்ஃபேஸில் ஆல்பத்தைத் தேர்வு செய்வதென்றால், பெரும்பாலும் ஒரு குரலைத் தேர்வு செய்கிறோம். ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒலிப்பதிவின் தரம், கனம், வேகம் எல்லாம் அதற்குப் பிறகு.

மொழி புரியாதே என்ற தயக்கத்துக்கும் ஒரு பதில் உண்டு. முதல் ஆல்பத்தில் 'போஷே ஆச்சி' என்று ஒரு பாடல் இருக்கிறது. 'போஷே' என்றால் உட்கார்ந்து, 'ஆச்சி' என்றால் இருக்கிறேன். உட்கார்ந்து இருக்கிறேன். வினையெச்சமும் துணைவினையும் நம் வரிசையிலேயே நிற்கின்றன. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ஆல்பங்களின் பெயர்களும் நமக்கு அந்நியமானவை அல்ல. 'ஜீபோன்தாரா'வில் ஜீவனும் தாரையும் இருக்கின்றன. 'மொஹாராஜ்' மகாராஜா. 'ஷொத்தோ' நம் சத்தியம்தான். வங்காளிகள் நாவில் அகரம் ஒகரமாகி, யகரம் கரைந்து, அப்படி ஒலிக்கிறது. 'ஒபாக்' என்பது அவாக், அதாவது வாக்கு அற்ற நிலை, பேச்சிழக்கச் செய்யும் வியப்பு. இவற்றை அறிந்துகொண்டு கேட்கும்போது பாடலில் ஆங்காங்கே ஒரு சொல் தெரிந்த முகத்தைப் போலத் தலைகாட்டும். எனக்கு அந்த மகிழ்ச்சியே பாதிப் பாடலைக் கொடுத்தது.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். பெரும்பாலோர் கை முதலில் நீளும் ஆல்பத்தை முதலிலேயே பேசிவிடலாம். 2009இல் வந்த 'பொத்சொலா'. பாதையில் நடத்தல், வழிநடை என்று பெயருக்குப் பொருள். பழைய பாடல்கள் பலவற்றைப் புதிதாக ஒலிப்பதிவு செய்து தொகுத்த ஆல்பம் இது. ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கிறது, ஒலி தெளிவாக இருக்கிறது, நேரம் மிச்சம். அறிமுகத்துக்கு இதைவிட வசதியானது வேறில்லை என்று தோன்றும். நான் இதை முதல் ஆல்பமாகப் பரிந்துரைக்க மாட்டேன். பதினெட்டு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வயதில், வெவ்வேறு கருவிகளோடு செய்த பாடல்கள் இதில் ஒரே நிறத்தில் வருகின்றன. இருபதுகளில் இருந்த இளைஞர்கள் எழுதிய பாடலில் இருந்த பதற்றம், அதே பாடலை நன்கு கற்றுத் தேர்ந்தவர்கள் வாசிக்கும்போது இருக்காது. மூலப் பதிவுகளை அறிந்தவர்களுக்கு 'பொத்சொலா' ஒரு நல்ல விருந்து. அறியாதவர்களுக்கு, குழு எப்படி மாறியது என்பதையே அது மறைத்துவிடுகிறது. இதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேளுங்கள்.

அடுத்து 1991இன் முதல் ஆல்பம். குழுவின் பெயரே ஆல்பத்தின் பெயரும். இது வெளிவந்த நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். வங்க மொழியில் ராக் இசை அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது. 1971 விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்திய பாடகர் அஸம் கான், 70களிலேயே அந்தப் பாதையைத் திறந்துவிட்டார். ஆனால் இரட்டை கிட்டாரும் உச்சஸ்தாயிக் குரலும் குதிரைப் பாய்ச்சலான தாளமும் கொண்ட கனத்த இசை வங்க மொழியைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. வார்ஃபேஸே தொடக்க ஆண்டுகளில் மேடைகளில் ஆங்கிலப் பாடல்களைத்தான் வாசித்துவந்தது. பிறகு துணிந்து முழு ஆல்பத்தையும் தங்கள் மொழியில் செய்தார்கள். கமல், டிப்பு, பாப்னா, சஞ்சய் ஆகியோருடன் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் ரஸ்ஸல் அலி இருந்தார். மறு ஆண்டே டாக்காவின் இன்னொரு குழுவான ராக்ஸ்ட்ராட்டாவின் முதல் ஆல்பமும் வந்தது. வாசல் திறந்துவிட்டது.

துணிச்சல் என்று ஏன் சொல்கிறேன்? ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசைக்கு அழுத்தம் விழும், மற்றவை மெலிந்துபோகும். கனத்த கிட்டார் ரிஃப்களின், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளின் அடி அந்த அழுத்தத்தின் மேல்தான் வந்து விழுகிறது. வங்க மொழியில் அப்படிப்பட்ட கூர்மையான ஏற்ற இறக்கம் இல்லை. அசைகள் ஏறக்குறைய சமமான எடையோடு நடக்கின்றன. தமிழில் மேற்கத்திய மெட்டுக்கு வரி எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். தாளம் ஒரு பக்கம் இழுக்கும், சொல் ஒரு பக்கம் நிற்கும். முதல் ஆல்பத்தில் சஞ்சய் இதற்கு ஒரு வழி கண்டார். வங்கச் சொற்களில் பல உயிரெழுத்தில் முடிகின்றன. அந்தக் கடைசி உயிரைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். கீழே கிட்டார் தன் வேகத்தில் ஓடுகிறது, மேலே குரல் நீண்டு படர்கிறது. 'கோய்ஷோர்' என்ற பாடலைக் கேட்டுப் பாருங்கள். கைஷோரம், அதாவது விடலைப் பருவம் என்று பொருள். பாடியவர்களும் அந்தப் பருவத்தை அப்போதுதான் கடந்திருந்தார்கள்.

இதே ஆல்பத்தில் 'ஷாதிகார்' என்று ஒரு பாடல். சுவ, அதிகாரம் இரண்டும் சேர்ந்த சொல். நமக்கு அதிகாரம் என்றால் ஆள்பவர் கையில் இருப்பது. வங்க மொழியில் 'ஒதிகார்' என்றால் உரிமை. தன் உரிமை என்று பொருள்படும் பாடல் இது. 1990 டிசம்பர் 6 அன்று, மக்கள் எழுச்சிக்குப் பணிந்து வங்கதேசத்தின் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத் பதவி விலகினார். அடுத்த ஆண்டிலேயே இந்த ஆல்பம் கேசட் கடைகளுக்கு வந்தது. அந்த மாதங்களில் டாக்காவின் தெருக்களில் இப்படி ஒரு சொல் ஒலிபெருக்கியில் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இத்தனை சொன்ன பிறகும், முதல் ஆல்பத்தை எல்லோருக்கும் முதலில் தரமாட்டேன். காரணம் ஒலிதான். டிரம்ஸ் மெலிந்து ஒலிக்கிறது, கிட்டாரின் அடிப்பகுதிக் கனம் போதவில்லை. 80களின் இசையைக் கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை. அவர்கள் தயங்காமல் இங்கேயே தொடங்கலாம். இன்றைய கனத்த ஒலிப்பதிவுகளில் காது பழகியவர்களுக்கு அந்த மெலிவு மறைந்து பாடல் தெரிவதற்குச் சில நாட்கள் ஆகும். அதுவரை பொறுப்பதற்கு ஓர் ஈர்ப்பு வேண்டும். அந்த ஈர்ப்பை வேறு ஆல்பத்திலிருந்து எடுத்துவர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

1994இன் 'ஒபாக் பாலோபாஷா'வுக்கு வருகிறேன். பேச்சிழக்கச் செய்யும் காதல் என்று தமிழில் சொல்லலாம். தலைப்புப் பாடலை எழுதிப் பாடியவர் பாப்னா கரீம். கடற்கரை இரவின் பாடல். குரல் வருவதற்கு முன் இசைக்கருவிகள் மட்டும் நெடுநேரம் பேசுகின்றன. முதல் முறை கேட்டபோது, இது பாடலே இல்லாத வெறும் இசைக்கோவையோ என்று நினைத்துவிட்டேன். பிறகு பாப்னாவின் குரல் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் உள்ளே வந்தது. சஞ்சயின் குரலைப் போல அது உயரத்துக்குத் தாவவில்லை. ஒருவர் நமக்குப் பக்கத்தில் அமர்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே பேசுவதைப் போல இருந்தது. கமலின் கிட்டார் அந்தக் குரலுக்குப் போட்டியாக எழவில்லை; அது விட்ட இடத்தில் எடுத்து, அது சொல்லாததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

முதல் ஆல்பத்தில், எங்கள் மொழியிலும் இந்த இசை முடியும் என்று நிரூபிக்கும் அவசரம் இருக்கிறது. அந்த அவசரம் அழகானது, தேவையானதும்கூட. இரண்டாவது ஆல்பத்தில் நிரூபிக்க எதுவும் மிச்சம் இல்லை. கனம் வேண்டிய இடத்தில் கனம் வருகிறது, வேண்டாத இடத்தில் மௌனம் இருக்கிறது. மேற்கில் கற்றுக்கொண்ட வாத்திய அறிவு அப்படியே இருக்க, வங்கக் கடலோரத்து மனம் ஒன்று அதற்குள் வந்து குடியேறிவிட்டது. இந்தக் குழுவின் தனித்தன்மை எது என்று என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தைத்தான் கையில் கொடுப்பேன். மொழி தெரியாதவருக்கும் இது உதவும். நீண்ட முன்னிசை நடக்கும்போதே மொழியைப் பற்றிய அச்சம் கரைந்துபோகிறது.

இந்தத் தேர்வுக்கு ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. மெட்டல் குழுவை அறிமுகம் செய்ய ஒரு மென்பாடலையா காட்டுவது என்று கேட்பார்கள். ஆல்பம் முழுவதும் மென்பாடல்கள் இல்லை. சஞ்சய் தன் முழு உயரத்தில் பாடும் கனத்த பாடல்களும் இருக்கின்றன. ஆனால் மறுப்பின் உட்பொருளை நான் ஒதுக்கவில்லை. கனத்துக்காக மட்டுமே மெட்டல் கேட்பவர் இங்கே தொடங்கினால் ஏமாறக்கூடும். அவருக்கு வேறு வழி சொல்கிறேன்.

இடையில் வரும் இரண்டு ஆல்பங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 'ஜீபோன்தாரா'வும் 1998இன் 'ஒஷாமாஜிக்'கும் சஞ்சய் காலத்தின் பின்பாதி. ஒலிப்பதிவு தேறியிருக்கிறது, குழு கைதேர்ந்திருக்கிறது, ஆட்கள் மாறத் தொடங்கியிருக்கிறார்கள். சமூகத்தோடு ஒட்டாதவன் என்ற பொருள் கொண்ட 'ஒஷாமாஜிக்' காலத்தில் பேஸ் வாசித்தவர் சுமன். பிற்பாடு அர்த்தஹீன் என்ற தன் குழுவின் மூலம் அந்த நாட்டின் மிகப் பெரிய இசைப் பெயர்களில் ஒன்றாக அவர் வளர்ந்தார். அர்த்தஹீனைக் கேட்டுவிட்டு வார்ஃபேஸுக்கு வருபவர்கள் இந்த ஆல்பத்தில் நுழைவது இயல்பாக இருக்கும். மற்றவர்களுக்கு இவை இரண்டும் தொடங்கும் இடங்கள் அல்ல, வந்து சேரும் இடங்கள்.

2000இன் 'ஆலோ'வையும் 2003இன் 'மொஹாராஜ்'ஜையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் சுவை. மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு பாடகர்கள். ஆலோ என்றால் வெளிச்சம். அதில் மிஜான் வருகிறார். சஞ்சய் உயிரெழுத்தை இழுத்துப் பாடினார் என்றேன் அல்லவா, மிஜான் மெய்யெழுத்தைக் கடித்துப் பாடுகிறார். கரகரப்பும் உரமும் கொண்ட குரல். சொல் ரிஃப்பின் மேலே மிதக்காமல் ரிஃப்போடு சேர்ந்து அடிக்கிறது. வங்க மொழியைக் கனத்த இசைக்குள் பொருத்த இன்னொரு வழி இது. இரண்டு வழிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு மொழிக்கு எத்தனை உடல்கள் இருக்கின்றன என்று வியப்பாக இருக்கும். பாலாமின் 'மொஹாராஜ்' வேறு திசை. குரல் வழவழப்பானது, இனிமையானது. இசையோ இருண்டு, கீபோர்டின் விரிவோடு வருகிறது. இனிய குரலை இருண்ட இசையின் நடுவில் நிறுத்தியது துணிவான முடிவு. தலைப்புப் பாடல் அந்த முடிவை முழுமையாக நியாயப்படுத்துகிறது. பிறகு பாலாம் தனியே போய் மென்மையான காதல் பாடல்களில் பெரும்புகழ் பெற்றார். அந்தப் புகழை மட்டும் அறிந்தவர்கள் 'மொஹாராஜ்'ஜைக் கேட்டால் திகைப்பார்கள்.

இரண்டில் ஒன்று என்றால் நான் 'மொஹாராஜ்'ஜை எடுப்பேன். 'ஆலோ'வில் மிஜான் இன்னும் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய முழு ஆட்சியைக் கேட்க வேண்டுமானால் 2012 வரை காத்திருக்க வேண்டும்.

அந்த 2012இன் 'ஷொத்தோ'தான் கனம் கேட்பவருக்கு நான் சொல்லும் வழி. இடைப்பட்ட ஆண்டுகளில் டாக்காவின் இசையுலகம் தலைகீழாக மாறியிருந்தது. ஆர்ட்செல் என்ற குழு 2006இல் 'ஒனிகேத் ப்ராந்தோர்' என்ற ஆல்பத்தில் பதினாறு நிமிடத் தலைப்புப் பாடலைத் தந்துவிட்டது. 90களின் நடுவில் முழுக்க ஆங்கிலத்தில் ஆல்பம் செய்த கிரிப்டிக் ஃபேட் குழு, வங்க மொழிக்குத் திரும்பி முன்வரிசைக்கு வந்திருந்தது. வார்ஃபேஸ் திறந்த வாசல் வழியே வந்த இளையவர்கள் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். இந்த நிலையில் மூத்த குழு என்ன செய்யும்? பழைய புகழில் அமர்ந்துவிடலாம். வார்ஃபேஸ் ஓனி ஹசன் என்ற இளம் கிட்டார் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு 'ஷொத்தோ'வைச் செய்தது. கமலும் ஓனியும் இரண்டு தலைமுறைகள். ஓனியின் விரல் வேகமும் துல்லியமும் புதிய காலத்துடையவை. கமல் ஒரு சுரத்தைப் பிடித்து அதை அழவைக்கும் பழக்கம் உடையவர். 'ரூப்கோதா' என்ற பாடலில் இந்தக் கூட்டணியின் பலனைக் கேட்கலாம். ரூப்கோதா என்றால் தேவதைக் கதை.

'பூர்ணோதா'வும் இதே ஆல்பத்தில்தான் இருக்கிறது. பூரணத்துவம் என்று பொருள். 28 ஆண்டு பழைய குழு ஒன்று தன் மிகப் பெரிய வெற்றிப் பாடல்களில் ஒன்றை அந்த வயதில் தருவது அரிது. வங்கதேசத்தில் பிறகு வந்த இளைஞர்கள் பலருக்கு வார்ஃபேஸ் என்றாலே இந்தப் பாடல்தான். மிஜானின் குரல் இங்கே கனிந்திருக்கிறது. கடிப்பதும் நெகிழ்வதும் ஒரே வரிக்குள் வருகின்றன. ஒலிப்பதிவு இன்றைய காதுக்கு எந்தச் சலுகையும் கேட்பதில்லை.

அப்படியானால் எல்லோரும் 'ஷொத்தோ'விலேயே தொடங்கலாமே? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிவந்தேன். அங்கே தொடங்கியவர்களுக்குப் பின்னோக்கிப் போவது கடினமாக இருக்கிறது என்று பிறகு கண்டேன். 2012இன் நிறைவான ஒலியிலிருந்து 1991க்கு இறங்கும்போது படி செங்குத்தாக இருக்கிறது. பலர் இறங்குவதே இல்லை. மிஜானின் குரல்தான் வார்ஃபேஸ் என்று மனம் பதிந்துவிட்டால் சஞ்சயையும் பாப்னாவையும் அந்நியர்களாகக் கேட்கிறோம். 1994இல் தொடங்கினால் இரண்டு பக்கமும் போக முடிகிறது. பின்னால் மூன்றே ஆண்டு தூரத்தில் முதல் ஆல்பம். அதே குரல்கள், அதே கைகள். முன்னால் போனாலும் ஒவ்வொரு மாற்றமும் காரணத்தோடு வருகிறது.

ஆகவே என் முடிவு இது. மெட்டு, உணர்வு, நல்ல கிட்டார் என்று எதை விரும்பி வருபவரானாலும், 'ஒபாக் பாலோபாஷா'வில் தொடங்குங்கள். அங்கிருந்து 1991க்குப் பின்னே போங்கள். பிறகு இடைப்பட்டவற்றை விட்டுவிட்டு நேரே 'ஷொத்தோ'வுக்குத் தாவுங்கள். அந்த இருபது ஆண்டு இடைவெளியில் என்ன நடந்தது என்ற ஆவல் தானாக எழும். அப்போது 'மொஹாராஜ்', அதன் பின் 'ஒஷாமாஜிக்', 'ஆலோ', 'ஜீபோன்தாரா', கடைசியில் 'பொத்சொலா'. கனம் மட்டுமே வேண்டும் என்பவர் 'ஷொத்தோ'வில் தொடங்கி 'மொஹாராஜ்'ஜுக்கு வரட்டும். 1994ஐ ஒரு மாதம் கழித்துத் தொடட்டும். கிட்டார் பயில்பவர் மட்டும் வரிசையாக முதலிலிருந்தே கேட்கலாம். கமல் என்ற ஒரு கலைஞரின் கை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்க்க அதுவே சரியான வழி.

இணையத்தில் தேடும்போது ஓர் எச்சரிக்கை. பழைய பாடல் ஒன்றின் பெயரைத் தட்டினால் மூலப் பதிவு, பிற்கால மறுபதிவு, மேடைப் பதிவு எல்லாம் கலந்து வரும். ஒலி சுத்தமாக இருக்கிறது என்பதற்காக மறுபதிவைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். எந்த ஆண்டு, யார் குரல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஒபாக் பாலோபாஷா'வைத் தேடினால் 2024இல் கோக் ஸ்டுடியோ பங்களா என்ற இசை நிகழ்ச்சியில் வெளிவந்த வடிவம்தான் பெரும்பாலும் முதலில் வரும். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பாப்னா கரீம், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தன் பழைய குழுவோடு நின்று, இன்றைய பாடகர் பலாஷ் நூரோடு சேர்ந்து அதைப் பாடுகிறார். கமலும் டிப்புவும் பின்னால் இருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதற்கு அந்தப் பழைய கேசட் காலத்துக் குரல் என் காதில் ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். முதலில் 1994இன் பதிவைக் கேளுங்கள். 2024ஐ அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.